போட்டி வேண்டாம், விளையாட விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரம் முன்னாடி வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார், மும்பையில பொறந்து வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு தேவாரம் கூட முழுசா வரல, கோவிலுக்கு வந்தா தூணைச் சுத்தி ஓடிப்பிடிச்சு விளையாடுதுங்க, வாரா வாரம் உக்கார வச்சு மனப்பாடம் பண்ண வைக்கணும், ஒப்பிக்கற போட்டி இன்னும் நிறைய வைக்கணும்னு. அவர் கவலை நியாயமான கவலைதான், எனக்கும் அதே கவலை உண்டு. ஆனா அவர் சொன்ன மருந்து நோயை அதிகமாக்கும்னு நான் கண்ணால பார்த்தவ, அதனாலதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போனாலும் மன்னிச்சு போடுங்க.

நான் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகி மும்பை வந்து 38 வருஷம் ஆச்சு, முதல்ல தாராவி, இப்ப செம்பூர். எங்க பில்டிங் சொசைட்டி ஹால்ல ஆறு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு பிள்ளைங்களுக்கு சாமி கிளாஸ் நடத்தறோம், நானும் கீழ் வீட்டு அம்மா ஒருத்தரும். பதினெட்டு இருபது பிள்ளைங்க வரும். ஸ்கூல்ல இங்கிலீஷ், கீழ விளையாடப் போனா ஹிந்தி மராத்தி, வீட்டுல மட்டும் தமிழ், அதனால முக்கால்வாசிப் பேருக்கு தமிழ் படிக்க வராது, காதால கேட்டுத்தான் பிடிக்கணும். சிலது ஹிந்தி எழுத்துல திருப்பாவையை எழுதி வச்சிக்கிட்டு வரும், ழகரம் வர்ற இடத்துல எல்லாம் பென்சில்ல ஒரு வட்டம் போட்டிருக்கும்.

இது ஆரம்பிச்சதுக்குக் காரணமே ஒரு போட்டிதான். என் பேத்திக்கு அப்ப ஏழு வயசு. ஒரு இடத்துல மார்கழிப் போட்டின்னு சேர்த்தோம், திருப்பாவை முதல் அஞ்சு பாட்டு ஒப்பிக்கணும். வீட்டுல தண்ணியாச் சொல்லுவா. மேடையில ஏறி மைக்கைப் பார்த்தாளோ இல்ல எதிர்ல உக்காந்திருந்தவங்களைப் பார்த்தாளோ தெரியல, மூணாவது பாட்டுல நடுவுல நின்னு போச்சு, நின்னது நின்னதுதான். மணியை அடிச்சாங்க, அடுத்த குழந்தை பேரைக் கூப்பிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, அவங்க விதி அது, எண்பது குழந்தைங்க வரிசையில நிக்குது. இவ அங்க அழல. திரும்பி வர்றப்ப ஸ்டேஷன் பிளாட்பாரத்துல டிரெயினுக்கு நிக்கறோம், பட்டுப்பாவாடையைக் கசக்கிக்கிட்டே கேக்கறா, "பாட்டி, ஆண்டாளுக்கு என் மேல கோபமா?"

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அதுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்டுல விளக்கேத்தி பாட ஆரம்பிச்சா அவ பாத்ரூமுக்குப் போயிடுவா. பாவை நோன்பு விளையாட்டுல தோழிங்களை எழுப்பற மாதிரி பாடின ஒருத்தி பேரைச் சொல்லி ஒரு சின்னக் குழந்தையைப் பயமுறுத்தி விட்டோமேன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அப்புறம் ஒரு ஜூலை மாசம், வெளிய கொட்டற மழை, கரெண்ட் இல்ல, பில்டிங் பிள்ளைங்க எல்லாம் ஹால்ல கூடியிருக்கு. ஒரு பையன் கேட்டான், ஆன்ட்டி பிள்ளையார் முன்னாடி ஏன் காதைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்து எழுந்திரிக்கணும், ஸ்கூல்ல அது பனிஷ்மென்ட் தானேன்னு. நான் எங்கப்பா சொன்ன கதையைச் சொன்னேன். மருமகப்பிள்ளை பிள்ளையார் விளையாட்டா மாமா மகாவிஷ்ணு கையில இருந்த சக்கரத்தை எடுத்து வாயில போட்டுக்கிட்டார். கேட்டாத் தரல, மிரட்டினாத் தரல. மாமா யோசிச்சார், சிரிக்க வச்சா வாய் திறப்பான்னு கையை மாத்தி காதைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்து எழுந்து ஆடிக் காட்டினார், பிள்ளையார் விழுந்து விழுந்து சிரிச்சு சக்கரம் கீழ விழுந்துச்சு. சம்ஸ்கிருதத்துல தோர்பி கர்ணம்னா கைகளால காதைன்னு அர்த்தம், அதுதான் தோப்புக்கரணம் ஆச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதாவது நம்ம பிள்ளைங்க முதல் முதல்ல கத்துக்கற வழிபாடே சாமியைச் சிரிக்க வைக்கற வழிபாடு. இதை எப்படி நாம தண்டனை மாதிரி ஆக்கினோம்?

கதை முடிஞ்ச உடனே அந்தப் பையனே சொன்னான், நான்தான் பிள்ளையார்னு. வீட்டுல பொரிச்ச சின்ன அப்பளம் இருந்துச்சு, அதுதான் சக்கரம். வாயில கவ்விக்கிட்டு சம்மணம் போட்டு உக்காந்தான், மத்ததுங்க ஒண்ணொண்ணா வந்து தோப்புக்கரணம் போட்டு அவனைச் சிரிக்க வைக்கணும், ஆனா ஒரே ஒரு நிபந்தனை, கை மட்டும் சரியா இருக்கணும், இடது கை உள்ள, வலது கை மேல, மத்தபடி மூஞ்சியை எப்படி வேணா வச்சிக்கலாம். ஒருத்தி தவளை மாதிரி, ஒருத்தன் அவங்க தாத்தா முட்டிவலியோட உக்கார்ற மாதிரி. மெழுகுவத்தி வெளிச்சத்துல அப்பளம் எத்தனை தடவை உடைஞ்சதுன்னு கணக்கு இல்ல. நூறு தோப்புக்கரணம் போட்டிருக்கும் ஒவ்வொண்ணும், ஒண்ணு கூட முகம் சுளிக்கல. கடைசியில நான் பிள்ளையார் படத்து முன்னாடி விளக்கை வச்சு, இப்ப அவருக்கே மூணு போடுவோம்னேன். அப்ப பாருங்க, யாரும் சொல்லாமலே சத்தம் அடங்கிப் போச்சு. வாசல்ல கதவைப் பிடிச்சிக்கிட்டு நின்ன என் பேத்தியும் மூணு போட்டா.

அன்னைக்கு எனக்குப் பிடிபட்டதுதான் இன்னைக்கு வரைக்கும் எங்க கிளாஸ்ல முறை. விளையாட்டு முடிஞ்சதும் அதே காரியத்தை ஒரு தடவை நிஜமா, மெதுவா, சாமி முன்னாடி பண்ணுவோம். விளையாட்டு மட்டும் போதும்னா பார்க்குக்கே போயிடலாமே. வெறும் நிஜம் மட்டும்னா குழந்தைக்குக் கால் மரத்துப் போயிடும். ரெண்டும் ஒட்டி வரணும், விளையாடின சூடு ஆறறதுக்குள்ள விளக்கு முன்னாடி நிக்கணும்.

இன்னொண்ணு சிலை விளையாட்டு. நாங்க கைதட்டி பாடுவோம், பிள்ளைங்க சுத்தி வரும், பாட்டு நின்னதும் சொல்ற சாமியா அப்படியே நிக்கணும். கண்ணன்னா புல்லாங்குழல், அனுமார்னா ஒரு கையில மலை, தட்சிணாமூர்த்தின்னா கல்லால மரத்தடியில பேசாம சின்முத்திரை. ஒரு நாள் நடராஜர். எல்லாம் இடது காலைத் தூக்கி நிக்குது, ஒரு ஆறு வயசுப் பொண்ணு மட்டும் வலது காலைத் தூக்கிட்டா. பக்கத்துல இருந்தவன், ஏய் ராங் ராங், தூக்கறது லெஃப்ட்டுன்னு கத்தறான், அவ காலை இறக்கப் போறா, முகம் சுருங்குது. நான் சொன்னேன், இறக்காதே கண்ணு, நீ மதுரை நடராஜர். மதுரை வெள்ளியம்பலத்துல ராஜசேகர பாண்டியன்னு ஒரு ராஜா, தானே பரதம் கத்துக்கிட்டு கால் வலி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, ஐயா நீ எத்தனை காலமா ஒரே கால்ல நிக்கறே, எனக்காக ஒரு தடவை கால் மாத்தி ஆடேன்னு அழுதான், சாமியும் மாத்தி ஆடினார், இன்னைக்கும் அங்க வலது கால்தான் தூக்கி இருக்கும்னு. அவ்வளவுதான், அந்தப் பொண்ணு காலை இறக்கவே இல்ல, தள்ளாடித் தள்ளாடி நிக்கறா. அடுத்த மே லீவுல ஊருக்குப் போறப்ப மதுரையில இறங்கி அந்த சன்னதியைப் பார்த்தே ஆகணும்னு அப்பாவை இழுத்துட்டுப் போயிருக்கா. நடராஜர் எந்தக் காலைத் தூக்குவார்னு கேள்வித்தாள்ல கேட்டிருந்தா அவளுக்கு ஒரு மார்க் போயிருக்கும், மதுரையும் போயிருக்கும்.

சாமி செஞ்ச காரியத்துக்கே நம்ம ஊர்ல திருவிளையாடல்னுதானே பேரு, அறுபத்து நாலு திருவிளையாடல். விளையாடற சாமியை விளையாடத் தெரியாத பிள்ளைங்ககிட்ட எப்படிக் கொண்டு போய்ச் சேர்க்கறது?

அந்தாதி பத்தியும் சொல்லணும். மும்பைப் பிள்ளைங்களுக்கு அந்தாக்ஷரி சொல்லிக்குடுக்க வேண்டியதே இல்ல, டிரெயின்ல, பிக்னிக் பஸ்ல, கல்யாண வீட்டுல எல்லாம் அதுதான். நம்மகிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்குன்னேன். திருக்கடையூர் அபிராமி பட்டர் பாடின அந்தாதி, நூறு பாட்டு, ஒரு பாட்டு எந்தச் சொல்லுல முடியுதோ அதைப் பிடிச்சு அடுத்தது ஆரம்பிக்கும். முதல் பாட்டு துணையில முடிஞ்சா ரெண்டாவது துணையும்னு எடுக்கும், அது அறிந்தனமேன்னு முடிஞ்சா மூணாவது அறிந்தேன்னு எடுக்கும், அப்படியே மனிதர், பொருந்திய, சென்னின்னு சங்கிலி போகும், நூறாவது பாட்டு முடிஞ்சா திரும்ப முதல் பாட்டோட முதல் சொல்லு உதிக்கின்ற தான். மாலையை முடிச்சுப் போட்ட மாதிரி. வட்டமா உக்காந்து, மாட்டுங்கா பூக்கடையில வாங்கின ஒரு செவ்வந்திச் செண்டு, பாட்டை முடிச்சவங்க யார் மேல வேணா போடலாம், பிடிச்சவங்க கடைசிச் சொல்லைப் பிடிச்சு அடுத்ததை எடுக்கணும். மறந்து போனா அவுட் கிடையாது, வட்டம் முழுக்க அந்தச் சொல்லை ஒண்ணாச் சேர்ந்து எடுத்துக் குடுக்கணும். நாலு வாரத்துல அஞ்சு பாட்டு வந்துடும், அர்த்தம் போகப் போகச் சொல்லுவோம்.

என் பேத்தி முதல்ல செண்டு வந்தா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட தள்ளி விட்டுடுவா. ஒரு நாள் யாரோ நேரா மடியில போட்டுட்டாங்க. மூணாவது பாட்டு முடிஞ்சிருக்கு, நாலாவதை எடுக்கணும், வாய் திறக்குது சத்தம் வரல, எனக்கு அந்த மேடை ஞாபகம் வந்து வயித்தைப் பிசையுது. ஒரு மூச்சு நேரம்தான், சுத்தி பதினேழு பிள்ளைங்க கூரை பிச்சிக்கற மாதிரி "மனிதரும்!" னு கத்துச்சுங்க, அவ சிரிச்சிட்டா, மனிதரும் தேவரும்னு பிடிச்சு கடைசி வரைக்கும் போயிட்டா. இப்ப அவளுக்கு பதிமூணு வயசு. சின்னதுங்களுக்கு அவதான் சொல்லிக் குடுக்கறா. மறந்த குழந்தைக்கு மணி அடிக்கறதுக்கும் சொல் எடுத்துக் குடுக்கறதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைத்தான் நான் அந்த வாசகருக்குச் சொல்ல வர்றேன்.

கண்ணைக் கட்டி வாசனை பார்க்கறது உண்டு, விபூதி, சந்தனம், கற்பூரம், துளசி, அருகம்புல், வில்வம் எல்லாம் தாம்பாளத்துல வச்சு, தொட்டும் மோந்தும் சொல்லணும், அப்புறம் எது யாருக்குன்னு படத்துகிட்ட கொண்டு போய் வைக்கணும். ஃபிளாட்டுல வளர்ற பிள்ளைங்க, வில்வத்தைத் தொட்டதே இல்ல, மூணு இலை ஒரே காம்புல இருக்குன்னு விரலால எண்ணிப் பார்த்து ஆச்சரியப்படுதுங்க. அடிப் பிரதட்சிணம் இருக்கே, குதிகாலை பெருவிரல்ல ஒட்டி ஒட்டி வைக்கறது, அதை ஓட்டப்பந்தயம் மாதிரி வைப்போம், ஆனா கடைசியா வந்து சேர்றவங்கதான் முதல், நடுவுல நிக்கவும் கூடாது, இடைவெளியும் விடக்கூடாது. எப்பவும் ஓடற பையன் ஒருத்தன், டாக்டர்கிட்ட எல்லாம் காட்டினாங்க இவன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறான்னு, அவன் இதுல இருபது நிமிஷம் எடுத்துக்கிட்டு ஹாலைச் சுத்தி வந்தான், வாய்க்குள்ள முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே. அவங்கம்மா செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க.

கோகுலாஷ்டமிக்கு உறியடி. இங்க தஹி ஹண்டின்னு ஊரே திரண்டு மனுஷங்க மேல மனுஷங்க ஏறுவாங்க, உயரம் போகப் போக விழுந்து அடிபடறவங்க எத்தனையோ பேர், 2017ல ஹைகோர்ட் வழக்குக்கு அப்புறம் 14 வயசுக்குக் கீழ பிள்ளைங்களை ஏத்தக்கூடாதுன்னு ஆச்சு. எங்க உறி பிள்ளைங்க கைக்கு ஒரு முழம் மேலதான் தொங்கும், கயித்தை நான் இழுத்து இழுத்து விடுவேன், மேல தண்ணி பீச்ச ஒரு கூட்டம், அவ்வளவுதான். உள்ள வெண்ணெயும் அவலும் இருக்கும், உடைச்சவங்க முதல்ல சாப்பிடக்கூடாது, மத்தவங்க வாயில ஊட்டணும்.

எல்லாம் நல்லா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். அறுபத்து மூணு நாயன்மார் பேரை வச்சு சீட்டு மாதிரி ஒண்ணு பண்ணினோம், முதல்ல முடிக்கறவங்களுக்கு சாக்லேட். மூணாவது வாரமே சண்டை, கண்ணப்பர் சீட்டை ஒருத்தன் மறைச்சு வச்சிட்டான். பரிசு உள்ள வந்த உடனே கண்ணப்பர் வெளிய போயிட்டார். அன்னைக்கோட சரி, எங்க ஹால்ல பரிசு கிடையாது, பிரசாதம் மட்டும்தான், அது எல்லாருக்கும் ஒரே அளவு.

ஒரு அப்பா கோபமா வந்து பேசினார், சாமி வாயில அப்பளத்தை வைக்கறீங்களே, பயபக்தி வேணாமான்னு, பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டார். அவர் மனசு எனக்குப் புரியுது. எங்க அம்மாவும் விபூதி தரையில சிந்தினா பதறிப் போயிடுவாங்க, நானும் அப்படித்தான், சிந்தினா பிள்ளைங்களே ஈரத்துணியால எடுத்து செடித் தொட்டியில போடணும்னு வச்சிருக்கேன். மரியாதை சொல்லிக் குடுக்கணும், அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா பயம் வேற, பயபக்தி வேற. மேடையில நடுங்கற குழந்தைக்கு வர்றது பக்தி இல்ல.

விளையாட்டுன்னா மட்டம்னு நினைக்கறவங்க திருவாசகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கணும். எங்கப்பா தினம் காலையில பாடுவார், அப்ப எனக்கு அர்த்தம் தெரியாது. மாணிக்கவாசகர் எவ்வளவு பெரிய ஞானி, அவர் எதைப் பிடிச்சுப் பாடியிருக்கார்? பொண்ணு பிள்ளைங்க தெருவுல விளையாடற விளையாட்டை. காய் தூக்கிப் போட்டுப் பிடிக்கற அம்மானையை வச்சு திருவம்மானை, ஊஞ்சல் ஆடறதை வச்சு திருப்பொன்னூசல், பூப்பறிக்கறதை வச்சு திருப்பூவல்லி, உந்தீ பறன்னு பாடி ஆடறதை வச்சு திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருத்தெள்ளேணம்னு வரிசையா. திருச்சாழல்னு ஒண்ணு இருக்கு, இருபது பாட்டு, ரெண்டு பொண்ணுங்க எதிரும் புதிருமா நின்னு, ஒருத்தி உங்க சாமி ஏன் சாம்பலைப் பூசறார் பாம்பை மாட்டிக்கறார்னு கேலியாக் கேட்பா, இன்னொருத்தி பதில் சொல்லி சாழலோன்னு முடிப்பா. திருமங்கையாழ்வாரும் இதே மாதிரி சாழல் பாடியிருக்கார். நாங்க ஹால்ல ரெண்டு வரிசையா நிக்க வச்சு இதைப் பண்றோம், முதல்ல பாட்டு, அப்புறம் பிள்ளைங்க சொந்தக் கேள்வி. உங்க சாமி ஏன் எலி மேல போறார், அது நசுங்காதான்னு ஒருத்தி கேட்டா. எதிர் வரிசையில ஒரு நிமிஷம் குசுகுசுன்னு பேசி ஒரு எட்டு வயசுப் பையன் முன்னாடி வந்து சொன்னான், எங்க சாமி பெருசுதான், ஆனா எலி மேல உக்கார்றப்ப வெயிட்டைக் குறைச்சுக்குவார் சாழலோ! அந்த பதிலை எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல, அவனுக்கும் யாரும் சொல்லிக்குடுக்கல.

அதனால சபாக்காரங்களுக்கும் கோவில் நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மார்கழி வருது. போட்டி வைக்கற அந்த ஒரு நாள் ஹாலை, மைக் இல்லாம மேடை இல்லாம, பிள்ளைங்களுக்கு ஒரு மூணு மணி நேரம் விட்டுக் குடுங்க. நாற்காலியை எல்லாம் ஓரமாத் தள்ளிடுங்க. ஷீல்டுக்கும் கப்புக்கும் வச்சிருக்கற பணத்துல சுண்டல் பண்ணிடலாம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்க பரமபத அட்டை நாலு வாங்கிப் போடுங்க, பெரியவங்களும் கூட உக்காருங்க.

கடைசியா வாசகிகள்கிட்ட ஒரு உதவி. அம்மானைப் பாட்டு எங்ககிட்ட இருக்கு, கையாட்டம் இல்ல. காயை எப்ப மேல போடணும், எந்த சீர்ல பிடிக்கணும், மூணு காயா அஞ்சு காயா, பாட்டோட அது எப்படி ஒத்துப் போகும்னு எனக்குச் சொல்லிக்குடுக்க ஊர்ல இருந்த அத்தை காலமாகி ரொம்ப நாள் ஆச்சு. மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி, தாராவி, எங்க இருந்தாலும் சரி, சின்ன வயசுல அம்மானை ஆடின பாட்டிமார் யாராவது இருந்தா இந்தப் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போய் திரும்பக் கொண்டு வந்து விடறோம். மரக்காய் வேணும்னா கீழ் வீட்டு அம்மாவோட வீட்டுக்காரர் கடைஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கார், எந்த அளவுன்னு மட்டும் தெரியணும்.

இப்படிக்கு,
செம்பூர் வாசகி, மும்பை